சுழியும் வழியும்

ஜவுளிக்கடையின் தரைப்படம் பற்றி இலக்கியம் வாசிப்பவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கடைக்குள் எந்த அலமாரியை எங்கே வைப்பது, மாடிப்படியை எந்த மூலையில் கட்டுவது, கல்லாவை வாசலருகே போடுவதா உள்ளே தள்ளிப் போடுவதா என்பவையெல்லாம் கடைக்காரரும் கொத்தனாரும் பேசித் தீர்க்க வேண்டியவை என்பதே பொதுவான எண்ணம். ஆனால் துணி விற்கும் இடத்தில் மனிதர் எவ்வாறு நடந்தார் என்பதைத் தமிழ் இலக்கியம் மிகப் பழங்காலத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறது. மதுரைக் காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் அறுவை வீதியைக் கடந்தே செல்கிறான். சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருக்கிறார். துணி விற்றவர் ஒருவர் கவிதையும் எழுதிய மரபு நம்முடையது. ஆகவே இப்பொருளை இங்கே பேசுவதில் தவறேதுமில்லை என்றே கருதுகிறோம்.

பேச எடுத்துக்கொண்ட நிலம் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சார்ந்த வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டை நெசவாளர்களின் ஊர். தறிச் சத்தத்துக்குப் பழகிய தெருக்கள் அங்கே இன்றும் உண்டு. நூற்பாலைகளும் உண்டு. பந்தல்குடி, நரிக்குடி, ம.ரெட்டியபட்டி, திருச்சுழி ஆகிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சுற்றிய கிராமங்களிலிருந்தும் மக்கள் துணி எடுக்க வந்திறங்கும் பேருந்து நிலையம் அது. அண்மை ஆண்டுகளில் இத்தகைய சிறு நகரங்களின் கடைத்தெருக்களில் கண்ணாடி முகப்பும், அடுக்குத் தளங்களும், குளிர்சாதன வசதியும் கொண்ட ஜவுளிக்கடைகள் எழுந்து வருகின்றன. அவற்றின் உள்ளமைப்பு பெரும்பாலும் சென்னை தியாகராய நகரையும் மதுரையையும் பார்த்துப் போட்டது. அந்த அமைப்பு நம் நிலத்துக்குப் பொருந்துமா, அது யாரை நடக்க வைக்கிறது, யாரை நிற்க வைக்கிறது, யாரை வெளியேற விடாமல் சுற்ற வைக்கிறது என்பவையே நம் கேள்விகள்.

பழைய ஜவுளிக்கடையில் மனிதர் உட்கார்ந்திருந்தார். துணி நடந்து வந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு, எதிரே சுவர் முழுக்க மர அலமாரி. வந்தவரின் முகத்தையும் உடையையும் பார்த்தே என்ன விலையில் எதை எடுத்துப் போடுவது என்று கடைக்காரர் தீர்மானித்துவிடுவார். புடவை மடிப்புக் கலைந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பெரியவர்களுக்குத் தண்ணீர் வரும், கலர் வரும். கடைக்குத் தரைப்படம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ஒரு மெத்தை, ஒரு அலமாரி, ஒரு கல்லா, அவ்வளவுதான்.

இந்த மெத்தைக் கடையை நினைத்து உருகுகிறவர்கள் நம்மிடையே பலர். அவர்களோடு முழுமையாக உடன்பட நம்மால் இயலவில்லை. அந்த மெத்தையில் யார் உட்கார அழைக்கப்பட்டார், யார் வாசற்படியில் நின்றபடியே கைநீட்டி வாங்கிச் சென்றார் என்று கேட்டால் அந்தக் கடையின் உண்மையான தரைப்படம் புலப்படும். சாதியும் நிலவுடைமையும் போட்ட படம் அது. கேட்ட துணியைத் தொட்டுப் பார்க்கவே தயங்கி நின்றவர்களின் கதைகள் கரிசல் கிராமங்களில் வயதானவர்களிடம் இன்றும் கிடைக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம், எதையும் விரித்துப் பார்க்கலாம், விலைச்சீட்டைத் தாமே படித்துக்கொள்ளலாம், வாங்காமலும் திரும்பலாம் என்ற நிலை வந்தது சிறிய மாற்றமன்று. கடைக்காரரின் கண் அளவெடுக்காமல் ஒரு விவசாயக் கூலிப் பெண் பட்டுப்புடவை அடுக்கின் முன்னால் நிற்க முடிவது, திறந்த அமைப்பு தந்த கொடை. இதை மறந்துவிட்டுப் புதிய கடைகளைப் பழிப்பது நேர்மையாகாது. அந்தக் கொடையைக் கொடுத்த கையாலேயே வேறொன்றைப் பறிக்கும் அமைப்புகளைப் பற்றித்தான் நம் புகார்.

துணி நிற்க, மனிதர் நடக்கும் கடை முதலில் உருப்பெற்ற இடங்களில் முக்கியமானது பாரிஸ். அங்கே அரிஸ்தித் பூசிகோ என்பவர் 1852இல் ‘போன் மார்ஷே’ என்ற கடையில் பங்குதாரராகச் சேர்ந்து, குறித்த விலை, தடையற்ற நுழைவு, திருப்பிக் கொடுக்கும் உரிமை ஆகியவற்றை நடைமுறையாக்கி அதைப் பேரங்காடியாக வளர்த்தார். அத்தகைய கடைகளை நேரில் ஆராய்ந்து எமிலி ஜோலா எழுதிய நாவல் 1883இல் வெளிவந்தது. ‘பெண்களின் இன்பம்’ என்பது போன்ற பொருள் தரும் பெயருடைய அந்நாவலின் கடை முதலாளி மூரே, திறப்பு விழாவுக்கு முன் ஒழுங்காக அமைந்திருந்த பிரிவுகளை வேண்டுமென்றே கலைத்துப்போடுகிறான். ஒரு முழம் நாடா வாங்க வருபவரும் கடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தே ஆக வேண்டும். நடக்கும் வழியில் ஆசை பிறக்கும். கூட்டம் குறுக்கும் நெடுக்குமாக அலைவதால் கடை நிரம்பி வழிவதுபோலத் தோன்றும். இன்று வணிகக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்லப்படுவதை 140 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாவலாசிரியர் பாத்திரத்தின் செயலாக எழுதிவிட்டார்.

பின்னர் வந்தவர்கள் அதற்குக் கணக்கும் பெயரும் கொடுத்தார்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன், 1956இல் மின்னசோட்டா மாநிலத்தில் ‘சவுத்டேல்’ என்ற மூடிய வணிக வளாகத்தைக் கட்டினார். குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடி வந்தவர் கட்டடத்தின் பகட்டில் மயங்கி, வந்த காரியத்தை மறந்து, கண்டதை வாங்கத் தொடங்கும் கணத்துக்கு இன்று அவர் பெயரையே இட்டு ‘க்ரூயன் மாற்றம்’ என்கிறார்கள். ஊர்ச் சதுக்கத்தைப் போல மக்கள் கூடும் இடமொன்றை உருவாக்கவே அவர் விரும்பினார். தம் பெயரால் எழுந்த வளாகங்களைப் பிற்காலத்தில் அவரே கடுமையாக மறுதலித்தார் என்பது இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. 1999இல் வெளிவந்த ‘ஒய் வி பை’ என்ற நூலில் பாகோ அண்டர்ஹில், கடைகளில் மனிதர் நடப்பதை மணிக்கணக்கில் பின்தொடர்ந்து குறித்துவைத்தவற்றை எழுதினார். நுழைந்தவுடன் முதல் சில அடிகளில் யாரும் எதையும் கவனிப்பதில்லை. வெளிச்சத்துக்கும் குளிருக்கும் உடல் பழகிக்கொள்ளும் இடம் அது. குறுகிய இடைவெளியில் பின்னாலிருந்து இடிபடும் பெண் கையிலெடுத்த துணியை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். உடன் வந்தவர் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் வாங்குபவர் நிதானமாக வாங்குகிறார். இவையெல்லாம் எங்கும் பொருந்தக்கூடிய எளிய உண்மைகள்.

ஆனால் அவருடைய நூலிலிருந்தும் அது போன்றவற்றிலிருந்தும் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்த விதிகளுள் ஒன்று, நுழைபவர் வலப்பக்கமே திரும்புவார், ஆகவே விலையுயர்ந்த சரக்கை வலப்பக்கம் வை என்பது. இது சாலையில் வலப்புறம் செல்லும் நாட்டில் கண்டறிந்த பழக்கம். நாம் சாலையில் இடப்புறம் செல்பவர்கள். அதைவிடப் பழைய பழக்கமொன்றும் நம் கால்களில் இருக்கிறது. கோயிலுக்குள் நுழைபவர் மூலவரைத் தம் வலப்பக்கத்தில் வைத்துச் சுற்றுகிறார். அதாவது உள்ளே சென்றதும் இடப்பக்கம் திரும்பியே பிரகாரத்தில் நடக்கத் தொடங்குகிறார். வலம் வருதல் என்ற சொல்லே அதைத்தான் குறிக்கிறது. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்து பழகியவர்களின் கடைக்குள், அமெரிக்கக் கால்களுக்காக எழுதிய விதியை அப்படியே பொருத்துவது வேடிக்கை. மூன்று நாள் தம் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருபவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று கோடு போட்டு எண்ணினால் எந்தக் கடைக்காரருக்கும் தம் ஊரின் விதி தெரிந்துவிடும். கூலிக்கு ஆள்பிடித்து ஆலோசனை கேட்க வேண்டியதில்லை.

கோயில் என்றதும் திருச்சுழி நினைவுக்கு வருவது இயல்பு. ரமணர் 1879இல் பிறந்த ஊர். சுந்தரரின் தேவாரப் பதிகம் பெற்ற திருச்சுழியல். பிரளய வெள்ளம் சுழித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கிய இடம் என்று தலபுராணம் பெயர்க்காரணம் சொல்கிறது. கடை அமைப்பைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. சுழியில் சிக்கியது தானாக வெளியே வராது. ஆனால் அதே ஊரின் கோயில் அமைப்பு சுழியாக இல்லை. பிரகாரத்தில் நடப்பவர் எங்கே தொடங்கினாரோ அங்கேயே வந்து சேர்கிறார். கொடிமரத்தைப் பார்த்ததும் வாசல் எந்தத் திசை என்பது விளங்கிவிடுகிறது. நந்தியும் தூணும் மண்டபமும் நடையை ஒழுங்கு செய்கின்றன, மெதுவாக்குகின்றன, சில இடங்களில் நிறுத்தவும் செய்கின்றன. எனினும் திரும்பும் வழியை அவை மறைப்பதில்லை. களைத்தவர் திண்ணையில் உட்காரலாம். மதுரைப் புது மண்டபமும் அப்படியே. அங்கிருந்த கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்படும்வரை, தூண்களுக்கிடையே தையற்காரர்கள் உட்கார்ந்து தைத்துக் கொடுத்த அந்தத் திருமலை நாயக்கர் கால மண்டபத்தில் எங்கே நின்றாலும் இரு முனையின் வெளிச்சமும் தெரிந்தது. மக்களின் நடையை வழிநடத்தும் கலை நமக்குப் புதிதன்று. வழிநடத்துவதற்கும் அகப்படுத்துவதற்கும் இடையே இருந்த கோட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இனி இன்றைய அடுக்குக் கடைகளில் பொதுவாகக் காணப்படும் அமைப்பைப் பார்ப்போம். எந்த ஒரு கடையையும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. ஊர்தோறும் இதே படம்தான். தரைத்தளத்தில் பட்டும் நாகரிகப் புடவைகளும். முதல் தளத்தில் சுடிதாரும் ரெடிமேடும். இரண்டாம் தளத்தில் ஆண்கள் பிரிவு. உச்சியில் குழந்தைகள் உடை. வேட்டி, துண்டு, பாவாடை, ஜாக்கெட் துணி, உள்ளாடை என்று அன்றாடத்துக்கு வேண்டியவை எட்டாத பின்மூலையில். மேலே ஏறும் படி கண்ணெதிரே இருக்கும். இறங்கும் படியைத் தேட வேண்டும். துணியை எடுத்த இடத்தில் ஒரு சீட்டு, பணம் கட்ட வேறோர் இடம், கட்டிய பின் பையை வாங்க இன்னோர் இடம். ஒவ்வோர் இடத்துக்கும் போகும் வழியில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று ஒரு மேசை. நாடா வாங்க வந்தவரை நடக்கவிட்ட மூரே இதைப் பார்த்தால் தம் வாரிசுகளை மெச்சிக்கொள்வான்.

நகரத்தில் இதற்கு ஒருவகை நியாயம் கற்பிக்கலாம். பொழுதுபோக்குக்காகவே கடைக்கு வருகிறவர்கள் அங்கே உண்டு. நம் நிலத்தின் கதை வேறு. இங்கே பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறார்கள். சோளம், உளுந்து, பருத்தி, மல்லி, மிளகாய் எல்லாம் தை தொடங்கிச் சித்திரைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வீடு வந்து சேரும். அதாவது தீபாவளி வருகிற மாதம் கையிலிருந்த பணமெல்லாம் விதையாகவும் உரமாகவும் உழவுக் கூலியாகவும் மண்ணுக்குள் போயிருக்கும் மாதம். மழை பெய்யுமா என்பதே அப்போது தெரியாது. ஆலைத் தொழிலாளர் வீட்டில் போனஸ் வரும். மானாவாரி விவசாயி வீட்டில் கடன்தான் வரும். அந்தக் கடன் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிற குடும்பத்தின் பட்டியல் புறப்படும்போதே முடிவாகியிருக்கும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, மாமியாருக்கு ஒரு நூல்சேலை, மிச்சமிருந்தால் தனக்கு. இந்தப் பட்டியலோடு வருபவரைக் குழந்தைகள் உடைக்காக உச்சித் தளம்வரை ஏற்றி, வழியெங்கும் அவருடைய பிள்ளையின் கண்ணெதிரே வேறு எதையெதையோ தொங்கவிட்டு, பட்டியலைத் தாண்டிய 500 ரூபாயைக் கறந்துவிடும் தரைப்படம் கெட்டிக்காரத்தனமானதாக இருக்கலாம். அந்த 500 ரூபாய் வட்டியோடு மாசியில்தான் அடைபடும், மழை பெய்திருந்தால். இது விற்பனை உத்தி என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும் செய்தியா என்று யோசிக்க வேண்டும்.

நேரமும் இங்கே வேறுபட்டது. கிராமத்துக்குத் திரும்பும் பேருந்துகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. கடைசி வண்டியைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஒரு சட்டையின் விலை. பதற்றத்தோடு எடுக்கிற துணி அளவு தவறும், நிறம் தவறும். மறுவாரம் மாற்றிக்கொள்ள வருவதென்றால் அன்றைய கூலி போகும். மேலும், நம் மக்கள் தனியாகத் துணி எடுக்க வருவதில்லை. பாட்டி, அத்தை, கைக்குழந்தை, கல்யாணமென்றால் இரு வீட்டுச் சம்பந்திகளும். முகூர்த்தப் புடவை என்பது 10 பேர் வட்டமாக நின்று தீர்மானிக்க வேண்டிய காரியம். ஒற்றை ஆள் கூடையோடு நகர்ந்து செல்வதற்காக வரையப்பட்ட மூன்றடிச் சந்துகளில் இந்த 10 பேர் நின்றால் நடமாட்டமே அடைபட்டுப் போகும். மெத்தைக் கடையில் இருந்த நல்ல அம்சம் எதுவெனில் அது கூட்டாக உட்கார்ந்து முடிவெடுக்க இடம் தந்தது என்பதே. அதை யாவருக்கும் உரியதாக மாற்றியிருக்க வேண்டிய நாம், எவருக்கும் இல்லாமல் செய்துவிட்டோம்.

வாங்குபவர் சில மணி நேரம் நடக்கிறார். விற்பவர் ஆண்டு முழுவதும் நிற்கிறார். தென்மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து ஜவுளிக்கடை வேலைக்குச் சென்ற பிள்ளைகளின் வாழ்க்கையை, வசந்தபாலன் இயக்கி ஜெயமோகன் வசனம் எழுதிய ‘அங்காடித் தெரு’ 2010இல் திரைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகும் நம் வகுப்பறைகளிலிருந்து விடுமுறைக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் மாணவியர் குறையவில்லை. நாள் முழுதும் நின்று திரும்பும் அவர்களுடைய கணுக்கால் வீக்கத்தைப் பற்றி எந்தப் பாடத்திட்டமும் பேசுவதில்லை. ஜோலாவின் நாவலில் சிற்றூரிலிருந்து பாரிஸுக்கு வந்து கடைப்பெண்ணாகச் சேரும் தெனீஸின் கால்வலியும் இதே வலிதான்.

இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டம் 1899இல் வந்தது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று அது கணக்கிட்டது. பிரான்சில் 1900 டிசம்பரில் அத்தகைய சட்டம் நிறைவேறியது. நம் பக்கத்தில் கோழிக்கோட்டில் விஜி முதலானோர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியே உட்காரும் உரிமைக்காகப் போராடி, கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்க்கும் சட்டமுன்வடிவு 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் வந்து நிறைவேறியது. வேலையினிடையே உட்காரும் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார்வதற்கு ஏற்ற இருக்கை வசதியை எல்லாப் பணியாளருக்கும் செய்துதர வேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பாவுக்கும் நமக்கும் இடையே 120 ஆண்டு தூரம்.

சட்டம் வந்தாயிற்று, தரைப்படம் மாறவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அலமாரிக்கும் விற்பனை மேசைக்கும் இடையே ஓராள் பக்கவாட்டில் நிற்க மட்டுமே இடம் விட்டுக் கட்டிய கடையில் முக்காலியை எங்கே போடுவது? சட்டம் தரும் இருக்கையைக் கட்டடம் மறுத்துவிடுகிறது. ஆகவே உட்காரும் உரிமை என்பது வரைபடத்தில் கோடு போடும்போதே வழங்கப்பட வேண்டிய உரிமை. மேசைக்குப் பின்னால் மேலும் ஓரடி அகலம், மடக்கி வைக்கக்கூடிய ஒரு பலகை, கால்மாற்றி வைக்க ஒரு கட்டை. இவ்வளவே தேவை. உட்கார்ந்திருக்கும் விற்பனையாளரைக் கண்டால் வாடிக்கையாளர் மதிக்கமாட்டார் என்ற வாதத்தைக் கேட்டிருக்கிறோம். மெத்தைக் கடையில் விற்றவரும் உட்கார்ந்தேதான் விற்றார். அவர் மரியாதை குறைந்ததாகச் செய்தியில்லை.

அடுத்தது உயிரைப் பற்றியது. வெளியேறும் வழியை வாடிக்கையாளரின் கண்ணிலிருந்து மறைப்பது விற்பனைக்கு உதவும் என்று நம்புகிற அமைப்பு, புகை சூழும்போது என்ன செய்யும்? 1997 ஜூனில் தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் இறந்தனர். நடைவழியில் கூடுதலாகப் போடப்பட்ட இருக்கைகள் வெளியேறும் பாதையை அடைத்திருந்தன. சென்னை ரங்கநாதன் தெருவில் 2008 செப்டம்பரில் பலமாடிக் கடையொன்றில் நேர்ந்த தீ விபத்தில் ஊழியர் இருவர் மாண்டனர். 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஜவுளிக்கடைக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து எரிந்து, பின்னர் இடிக்கப்பட்டது. அதிகாலையில், வாடிக்கையாளர் எவரும் இல்லாத வேளையில் அது நேர்ந்தது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஏழு மணிக்கு நேர்ந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது. துணி எரியும் பொருள். கண்ணாடி முகப்பு புகையை உள்ளேயே தேக்கும். அட்டைப்பெட்டிகள் குவிந்த படிக்கட்டு படிக்கட்டாகவே இருக்காது. சந்தை அறிவியல் ‘சுழி’யைப் பரிந்துரைக்கலாம். தீயணைப்பு அறிவியல் நேர்வழியைத்தான் கேட்கிறது.

வணிகரின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். கட்டடக் கடன், மின்கட்டணம், ஆள் சம்பளம், தேங்கும் சரக்கு எல்லாம் அவர் தலைமேல். மதுரைக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். கைப்பேசியில் தொட்டால் துணி வீட்டுக்கே வந்துவிடும். வருகிறவரைக் கொஞ்சம் கூடுதலாக வாங்க வைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்பார். இந்தக் கவலை உண்மையானது. ஆனால் அதற்கான விடை வேறு திசையில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். மாநகரக் கடைக்குத் தினமும் புதிய முகங்கள் வரும். இன்று களைத்துச் சலித்துப் போனவர் மீண்டும் வராவிட்டாலும் அதற்கு நட்டமில்லை. அருப்புக்கோட்டைக் கடைக்கு அதே 60 கிராமத்து அதே குடும்பங்கள் தாம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வளைகாப்பு என்று ஒரு குடும்பம் ஒரு கடையோடு 30 ஆண்டு உறவு வைத்திருக்கும் ஊர் இது. ஒரு நாளில் 500 ரூபாயைக் கூடுதலாகக் கறப்பதைவிட, கலங்காமல் வாங்கித் திரும்பிய நினைவை அவர்களிடம் விட்டுவைப்பதே இங்கே இலாபம்.

வெறும் குறைகூறலாக இதை முடிக்க விருப்பமில்லை. 30 அடி முகப்பும் 90 அடி ஆழமும் கொண்ட ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். நம் கடைத்தெருக்களின் மனைகள் இப்படிக் குறுகி நீண்டவைதாம். முதல் 10 அடியைச் சரக்கின்றி விட்டுவிடலாம். எப்படியும் அங்கே எதுவும் கண்ணில் படாது. அதில் ஒரு நீண்ட பெஞ்சும், தண்ணீரும், எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது, எந்த விலையிலிருந்து இருக்கிறது என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு பலகையும். நடுவே வாசலிலிருந்து பின்கதவுவரை ஆறடி அகலத்தில் ஒரே நேர்வழி. எந்த மேசையும் பொம்மையும் அதற்குள் நீளக் கூடாது. அன்றாடத் துணிகளும் குழந்தைகள் உடையும் தரைத்தளத்திலேயே இடப்பக்கம். மாடியில் பட்டு, கல்யாணத்துக்கு வருபவர்கள் நேரத்தோடு வருகிறார்கள், அவர்களுக்கு அங்கே ஜமுக்காளம் விரித்த அகன்ற மேடை, யாராயினும் உட்காரலாம் என்ற உறுதியோடு. ஏறும் படியும் இறங்கும் படியும் ஒரே பார்வையில். பணம் கட்டுவதும் பை வாங்குவதும் ஒரே மேசையில். முன்வரிசையில், வாசலைப் பார்த்தபடி, உள்ளூர்த் தறியில் நெய்த நூல்சேலைகள். சூரத்திலிருந்து வந்த சேலைக்குக் கண்ணாடிப் பெட்டியும், நாலு தெரு தள்ளி நெய்த சேலைக்குப் பின்மூலையும் என்றிருப்பது இந்த ஊரின் தரைப்படம் ஆகாது.

இதிலும் வாடிக்கையாளர் வழிநடத்தப்படுகிறார் என்பதை மறுக்கவில்லை. நூல்சேலையை முன்னே வைப்பதும் ஒரு தூண்டுதலே. எல்லாக் கடையும் ஏதோ ஒரு வழியைக் காட்டியே தீரும். அந்த வழி நேர்மையானதா என்று சோதிக்க மூன்று கேள்விகள் போதும். எங்கே நின்றாலும் வெளியேறும் வாசல் தெரிகிறதா? களைத்தவர், வாங்குபவரோ விற்பவரோ, உட்கார இடம் உண்டா? ஒன்றை மட்டும் வாங்க வந்தவர் அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் வெளியேற முடியுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய கடை, தன் சரக்கை எப்படி வேண்டுமானாலும் அழகுபடுத்திக்கொள்ளட்டும்.

கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் அலுவலர்கள் முதல் கேள்வியையும் தொழிலாளர் துறையினர் இரண்டாம் கேள்வியையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். மூன்றாவதைக் கேட்க வேண்டியவர்கள் வாங்கும் நாம்தாம். அடுத்த முறை கடைக்குச் செல்கையில் வீட்டுப் பெரியவருக்கு ஒரு நாற்காலி கேளுங்கள். அதைக் கொண்டுவந்து போடும் பெண்ணுக்கும் ஒன்று இருக்கிறதா என்று, கடைக்காரர் காதில் விழும்படியே, சேர்த்துக் கேளுங்கள்.